ஞாயிற்றுக்கிழமை மரக்கறிப் பை

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்கள் நாலு பேரிடமும் ஏதாவது பேசச் சொல்லி அலுவலகத்தில் என்னைக் கேட்டார்கள். பை கட்டுவதையும் பதிவு எழுதுவதையும் இங்கே இருப்பவர்கள் ஒரு கிழமையில், ஏழெட்டு நாளுக்குள், பழக்கிவிடுவார்கள். அதற்கு நான் தேவையில்லை. நான் செய்த ஒரு பிழையைச் சொல்கிறேன். அதை வேறு யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மாத்தளையில் சண்டை நடக்கவில்லை, ஆனால் சண்டைக்காகப் போட்ட சோதனைச்சாவடிகள் எங்கள் வீதிகளிலும் இருந்தன.

நம்முடைய இந்த மரக்கறித் திட்டம் அன்றைக்குச் சின்னது. எல்கடுவப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே பதினொரு பெண்கள் தாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருந்த துண்டு நிலங்களில் மரக்கறி போட்டார்கள். பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்து, வெளிச்சம் இருக்கும்வரை பாத்தியில் குனிந்து நிற்பார்கள். மாத்தளை டவுனில் முப்பத்திரண்டு வீடுகள் ஒரு போகத்துக்கான பணத்தை முன்கூட்டியே தந்திருந்தன. அதற்குப் பதிலாக ஒவ்வொரு ஞாயிறு காலையும், அந்தக் கிழமை விளைந்ததில் ஒரு பங்கு அவர்கள் வாசலுக்குப் போகும். நன்றாக விளைந்தால் பை நிறையும், மழை அடித்தால் மெலியும். லாபத்தில் மட்டுமல்ல, மழையிலும் பங்கு. அதுதான் பேச்சு.

இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நான் ஒருத்தி. நானும் லயத்தில் பிறந்தவள்தான். படித்து, இந்த வேலை கிடைத்து, டவுனில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தேன். மேலே தோட்டத்திலும் கீழே டவுனிலும் என்னை ‘மிஸ்’ என்றே கூப்பிட்டார்கள். அப்படிக் கூப்பிடுவது எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு பக்கத்திலும் நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்ற ஆசை என்னிடம் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அந்த வருடம் ஐப்பசி மழை விடவேயில்லை. போஞ்சிப் பூவெல்லாம் கொட்டிப்போனது. தொடர்ந்து நாலு ஞாயிறு முள்ளங்கி, நோக்கோல், பூசணி. மறுபடியும் முள்ளங்கி.

“என்ன மிஸ், முள்ளங்கிக்கு மட்டுந்தான் அங்க மண்ணு இருக்கா?” என்று வாசலில் கேட்பார்கள்.

“அடுத்த கிழமை பாருங்களேன், நல்லா வரும்” என்பேன். வராது என்று எனக்குத் தெரியும்.

மேலே போனால் பெண்கள் கேட்பார்கள். “டவுன்காரங்களுக்குப் புடிச்சிருந்திச்சா மிஸ்?”

“விரும்பிச் சாப்பிட்டாங்க” என்பேன். அதுவும் பொய்.

யாரையும் நோகடிக்காமல் வேலையைக் கொண்டுபோகிறேன் என்றுதான் அப்போது நினைத்தேன்.

பதினொரு பேரில் செல்லம்மா என்று ஒருவர். நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசமாட்டார். அவருடைய மகள் ஒரு பூசணிப் பிஞ்சில் ஊசியால் ‘கமலா’ என்று தன் பெயரைக் கீறி வைத்திருந்தாள். காய் பெருக்கப் பெருக்க எழுத்தும் பெருத்து, தழும்பு மாதிரி தடித்து நின்றது. அந்தக் காயை வேனில் ஏற்றும்போது செல்லம்மா சொன்னார்: “இது யாரு வீட்டுக்குப் போகுதோ போகட்டும். எங்க புள்ளைக்கும் எழுத்து வரும்னு தெரியட்டும்.”

எட்டு நாள் கழித்து வந்த திங்கட்கிழமை அவருக்குக் கண் காட்ட வேண்டியிருந்தது. வைத்தியசாலையில் சிங்களத்தில் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல நானும் கூடப் போனேன். திரும்பி வரும்போது பஸ் நிலையத்துக்குக் குறுக்கு வழி என்று ஒரு குறுகிய ஒழுங்கைக்குள் கூட்டிக்கொண்டு போனேன். அந்த ஒழுங்கையின் முடிவில் குப்பை கொட்டும் இடம். ஒரு மாடு நின்று எதையோ தின்றுகொண்டிருந்தது. வாடிய முள்ளங்கிக் கட்டு இரண்டு. பக்கத்தில் பாதி அழுகிப்போன பூசணி. அதில் ‘மலா’ என்று மட்டும் மிச்சம் இருந்தது.

செல்லம்மா அதைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பேசினார்.

“விரும்பிச் சாப்பிட்டாங்கன்னு சொன்னீங்களே மிஸ்.”

அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் மறுநாள் பைக்கு என்ன இருக்கிறது என்று கேட்க மேலே போனேன். பெண்கள் எல்லோரும் லயத்து வாசலில் நின்றார்கள். ஒருத்தர் கையிலும் கூடை இல்லை.

“மாட்டுக்குத்தான் போகுதுன்னா எங்க மாட்டுக்கே போட்டுக்கிறோம் மிஸ். அத எதுக்கு வேன்ல ஏத்தி டவுனுக்கு அனுப்பணும்?” என்றார் ஒருவர். செல்லம்மா கதவு நிலையில் சாய்ந்து நின்றார். என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

எனக்கு இருந்தது ஒரு ராத்திரி. முப்பத்திரண்டு வீடு. ஒரு ஞாயிறு பை போகவில்லையென்றால் திட்டம் கலைந்துவிடும் என்று பயந்தேன். உண்மையைச் சொல்லி ஒரு கிழமை தவணை கேட்டிருக்கலாம். அது எனக்குத் தோன்றவேயில்லை. சந்தை மூடுவதற்குள் ஓடிப்போய், கையில் இருந்ததையெல்லாம் கொடுத்து, கரட், லீக்ஸ், போஞ்சி, உருண்டை உருண்டையாகக் கோவா என்று வாங்கி, எங்கள் சாக்குப் பைகளிலேயே போட்டுக் கட்டினேன்.

ஞாயிறு காலை வாசலுக்கு வாசல் பாராட்டு. “இப்பதான் மிஸ் பை மாதிரி இருக்கு!” “இப்படியே அனுப்புங்க.” சிரித்துக்கொண்டே நடந்தேன்.

மறுநாள் காலை அலுவலகத்துக்கு ஒரு அம்மா வந்தார். சந்தையில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் வியாபாரி ஒருவரின் மனைவி. அக்கா என்கிற முறையில் எல்லோரும் ராத்தா என்போம். அவரும் எங்கள் பங்குகாரர்தான். கட்டு அவிழ்க்காத பையை என் மேசைமேல் வைத்து அவிழ்த்து, கோவாவை வெளியே எடுத்தார்.

“இந்தக் கோவா எங்க வெளஞ்சது மிஸ்?”

“எல்கடுவப் பக்கம்...” என்று தொடங்கினேன்.

“இல்ல. இது எங்க ஊட்டுக்காரர்ட கடையில வெளஞ்சது. சனிக்கிழம அந்திக்கு நீங்க வாங்கினத்த அவரே செல்லிட்டார்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் முடிக்கும்வரை இருந்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்: பூசணி, மாடு, லயத்து வாசல்.

“நான் ஏன் இதுல சேந்தேன்னு தெரியுமா? மரக்கறிக் கடக்காரன்ட பொண்டாட்டிக்கு என்ன கெடைக்கும்? யாவாரத்துல மிஞ்சி வாடினதுதான். அண்டைக்குப் புடுங்கின கீரைய அண்டைக்கே திங்கணும்னு ஆசப்பட்டுச் சேந்தேன். முள்ளங்கின்னா முள்ளங்கி. அது கெடக்கட்டும். நான் ஒண்ணு கேக்கிறேன். அந்தப் பைய நீங்க சமைச்சீக்கிறீங்களா?”

இல்லை என்று தலையாட்டினேன். எனக்கும் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பை உண்டு. அதை அப்படியே வீட்டுக்கார அம்மாவிடம் கொடுத்துவிட்டு, கடையில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வருடமாக அடுத்தவர்களுக்கு விநியோகம் செய்த பையை நான் ஒரு தடவைகூடச் சமைத்ததில்லை.

“அப்ப வீசினவங்க மேல கோவப்பட உங்களுக்கு என்ன உரிமை ஈக்கி?” என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. “மொதல்ல மேல போயி உள்ளத செல்லுங்க. சந்தையில வாங்கினத்தையும் செல்லுங்க. அத மறைச்சா, சொன்னதுல பாதிதான் உண்மை.”

அன்றைக்கே போனேன். மலைக்குப் போகும் பஸ்ஸில் இரண்டு தடவை இறங்கிவிட நினைத்தேன். பெண்கள் வேலை முடிந்து கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும்வரை காத்திருந்தேன். எல்லாவற்றையும் நின்றுகொண்டே சொன்னேன். முணுமுணுப்பு எழுந்தது. “எங்க பேர்ல சந்தைச் சாமானா?” என்று ஒருத்தர் கத்தினார். அதுவும் நியாயம்தான். “இந்தக் கிழமை என்ன இருக்கிறதோ அதை மட்டும் தாருங்கள். என்ன நடக்கிறது என்பதை நானே வந்து சொல்கிறேன். நல்லதோ கெட்டதோ, உள்ளபடி” என்றேன்.

பிறகு செல்லம்மா சொன்னார்: “நான் தர்றேன். ஆனா நானும் கூட வருவேன். அந்தப் பூசணிய வீசின வீட்டுக்கு என்னையக் கூட்டிட்டுப் போகணும்.”

அது யார் வீடு என்று எனக்குத் தெரியும். அந்த ஒழுங்கையில் எங்கள் பங்குகாரர் ஒரே ஒருவர்தான், ஒரு டீச்சர். சண்டை வரும், டீச்சர் விலகுவார், அவரைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் விலகுவார்கள் என்று மனம் கணக்குப் போட்டது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் இதுவரை இந்த இரண்டு பேரையும் சந்திக்கவிடாமல் நடுவில் நின்றதால்தானே இவ்வளவும் வந்தது? “வாங்க” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை செல்லம்மா நல்ல சேலை உடுத்தி வேனில் வந்தார். டவுனில் ராத்தாவும் சேர்ந்துகொண்டார். டீச்சர் கதவைத் திறந்தார். செல்லம்மாவை யார் என்று சொன்னேன். பூசணியில் பெயர் கீறிய பிள்ளையின் தாய் என்றும் சொன்னேன். டீச்சரின் முகம் வெளிறிப்போனது. உள்ளே வரச் சொன்னார்.

செல்லம்மா கேட்ட முதல் கேள்வி இது: “வீட்டுல எத்தனை பேருங்க?”

“அவரும் நானும் மட்டுந்தான்.”

“ரெண்டு பேருக்கா அத்தாம் பெரிய காய்?”

“நான் மிஸ்கிட்ட ரெண்டு தரம் சொன்னேனே, பெரிசு வேணாம், சின்னதா அனுப்பச் சொல்லுங்கன்னு.”

செல்லம்மா என் பக்கம் திரும்பினார். “எங்ககிட்டச் சொல்லவே இல்லையே மிஸ்.”

சொல்லவில்லை. சொன்னால் அவர்கள் மனம் நோகும் என்று விட்டுவிட்டேன்.

“அந்த எழுத்தப் பாத்தீங்களா டீச்சர்?” என்று செல்லம்மா கேட்டார்.

“பாத்தேம்மா. பாத்ததாலதான் வெட்டவே மனசு வரல. ஒரு சின்னப் புள்ளையோட பேரு. ரெண்டு நாள் வச்சிருப்போம்னு மேசை மேல வச்சேன். அஞ்சாம் நாள் எடுத்துப் பாத்தா காம்புப் பக்கம் அழுகித் தண்ணி விட்டிருக்கு. வெக்கமாப் போச்சு. யாரும் பாக்காம கொண்டுபோய்ப் போட்டேன்.”

“பூசணி அஞ்சு நாள்ல அழுகாதே. மாசக்கணக்கா நிக்குமே. காம்பு இருந்திச்சா?”

“இல்லையே, ஒடிஞ்சிருந்திச்சு.”

“காம்பு ஒடிஞ்சா அந்த வழியாத் தண்ணி இறங்கிரும். அப்புறம் நிக்காது. நாங்க காம்போடதானே குடுத்தோம், யாரு ஒடிச்சா?”

நான்தான். காம்போடு வைத்தால் பையின் வாயைக் கட்ட முடியவில்லை என்று, அந்த ஞாயிறு எல்லாப் பூசணியின் காம்பையும் ஒடித்துவிட்டுத்தான் பையில் வைத்தேன். அந்த வீட்டு நடுவில் நின்று அதைச் சொன்னேன். ராத்தா தலையில் கை வைத்துக்கொண்டார். செல்லம்மா முதலில் என்னை முறைத்தார். பிறகு சிரித்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அதன்பிறகு மூன்று பேரும் அன்றைய பையைத் தரையில் கொட்டினார்கள். நான் ஓரமாக உட்கார்ந்து எழுதிக்கொண்டேன். செல்லம்மா முதலில் முள்ளங்கியிலிருந்து இலையை அறுத்துப் பிரித்தார். “இலைய விட்டு வச்சா அது கிழங்கோட சத்த இழுத்துரும். கிழங்கும் சவத்துத் தொய்ஞ்சு போயிரும். வந்தவுடன பிரிங்க. இலைய இன்னிக்கே சமைங்க.” டீச்சர் அதுவரை முள்ளங்கி இலையைச் சாப்பிட்டதேயில்லை. மெல்லிசாக அரிந்து, வெங்காயம், உறைப்புக்குப் பச்சைக் கொச்சிக்காய், தேங்காய்ப்பூ போட்டு வதக்கி ஒரு சுண்டல். மாசிக் கருவாடு போடலாமா கூடாதா என்று ராத்தாவும் செல்லம்மாவும் கொஞ்ச நேரம் வாதாடினார்கள். நோக்கோல் இலை திங்கட்கிழமைக்கு. நோக்கோல் கிழங்கைச் செவ்வாய்க்குப் பால்கறி வைக்கலாம். ஈரத்துணியில் சுற்றிய முள்ளங்கி வியாழன்வரை தாங்கும். காம்புள்ள பூசணிக்கு அவசரமே இல்லை. மற்றதெல்லாம் தீர்ந்த கிழமைக்கு அது.

அந்தச் சுண்டலைச் சோற்றோடு நாலு பேரும் அங்கேயே சாப்பிட்டோம். அதுதான் நான் சாப்பிட்ட முதல் பங்கு.

அடுத்த மாதங்களில் நிறைய மாற்றினோம். இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீடுகளுக்குச் சின்னப் பை. ராத்தா வீட்டு முன் விறாந்தையில் ஒரு கூடை. வேண்டாததைப் போடலாம், வேண்டியதை எடுக்கலாம். எதை எந்த நாளில் சமைப்பது என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரு துண்டு எழுதி ஒவ்வொரு பையிலும் வைத்தோம். ஆனால் அந்தத் துண்டை எழுதுவதற்கு முன்னால் நான் அந்தப் பையைச் சமைத்திருப்பேன். இன்றுவரை எனக்கிருக்கும் ஒரே பிடிவாதம் இது: சமைக்காதவர் எழுதக்கூடாது. ஏழெட்டு வீடுகள் விலகத்தான் செய்தன. கரட்டும் லீக்ஸும் வரும் என்று நம்பி இருந்தவர்கள். அவர்களை நான் தடுக்கவில்லை. தோட்டத்துப் பெண்கள் முறைவைத்து ஞாயிறுகளில் பையோடு இறங்கி வரத் தொடங்கினார்கள். செல்லம்மா முறை வைக்கவில்லை. எல்லா ஞாயிறும் வந்தார்.

அப்படி ஆறு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிறு. அதற்கு முதல்நாள் வேறெங்கோ குண்டு வெடித்திருந்தது. டவுனுக்குள் நுழையும் இடத்துச் சோதனைச்சாவடியில், அதுவரை கைகாட்டி விட்டுக்கொண்டிருந்தவர்கள், எங்கள் வேனை நிறுத்தி, எல்லாப் பையையும் வீதியில் கொட்டச் சொன்னார்கள். கொட்டினோம். கீரைக்குள் கம்பியால் குத்திப் பார்த்தார்கள். பிறகு அடையாள அட்டை கேட்டார்கள். சாரதியிடம் இருந்தது, என்னிடம் இருந்தது. செல்லம்மாவிடம் இல்லை. அவருக்குப் பிறப்புச் சான்றிதழே கிடையாது. லயத்தில் பிறந்த எத்தனையோ பேருக்கு இல்லை. அவரை மட்டும் இறக்கி மணல் மூட்டைக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். மேலதிகாரி வந்து பார்க்க வேண்டுமாம். எப்போது வருவார் என்று தெரியாதாம்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நீங்கள் போகலாம் என்று எனக்கும் சாரதிக்கும் சொன்னார்கள்.

“போங்க மிஸ். கீரை வாடிரும். குடுத்திட்டு வந்து என்னையக் கூப்பிட்டுக்குங்க” என்றார் செல்லம்மா.

அவர் சொன்னது வேலைப்படி சரி. பங்குகாரர்கள் காத்திருக்கிறார்கள். ஆனால் அந்த நாட்களில், அட்டை இல்லாத தமிழரைத் தனியே விட்டுப்போனால் திரும்பி வரும்போது அவர் அங்கேயே நிற்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. நான் சாரதியைத் தனியே அழைத்தேன். “நீங்கள் போங்கள். பையைக் கொடுக்க வேண்டாம். பங்குகாரர் வீடுகளுக்குப் போய், பை இங்கே இருக்கிறது, செல்லம்மாவும் இங்கே இருக்கிறார், வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லுங்கள்” என்றேன். நான் வீதியோரத்தில் கொட்டிக் கிடந்த மரக்கறிகளைப் பொறுக்கிப் பைகளில் போட்டுக்கொண்டு செல்லம்மாவின் கண்ணில் படும்படி உட்கார்ந்தேன்.

ஒரு மணித்தியாலம் யாரும் வரவில்லை. பிறகு ராத்தா குடையோடு வந்தார். அவருக்குப் பின்னால் டீச்சரும் கணவரும். அப்புறம் வங்கியில் வேலை செய்யும் ஒருவர், ஒரு சிங்கள அம்மா, அவருடைய மகன், இன்னும் மூன்று பேர். எல்லாமாக ஒன்பது பேர். பங்குகாரர் எல்லோரும் அல்ல, ஒன்பது. இப்படியான நாளில் சோதனைச்சாவடிக்குத் தானாக நடந்து வர ஒன்பது பேர் கிடைப்பது பெரிது.

மேலதிகாரி வந்தபோது எல்லோரும் அங்கேயே நின்றார்கள். இந்தப் பெண்ணை உங்களுக்கு எத்தனை வருடமாகத் தெரியும் என்று டீச்சரிடம் சிங்களத்தில் கேட்டார்.

டீச்சர் ஐந்து வருடம், பத்து வருடம் என்று சொல்லியிருக்கலாம். “ஆறு மாதம். ஆனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும்” என்றார். சிங்கள அம்மா முன்னால் வந்து, தன் அட்டையை அதிகாரியின் மேசையில் வைத்து, “இவர் வளர்த்ததைத்தான் நாங்கள் சாப்பிடுகிறோம். என் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்” என்றார். ஒன்பது அட்டையும் வரிசையாக மேசையில் விழுந்தன. அதிகாரி ஒவ்வொன்றாக எழுதினார். மத்தியானம் தாண்டி செல்லம்மாவை விட்டார்.

பையில் இருந்த கீரை துவண்டு போயிருந்தது. குத்துப்பட்ட நோக்கோல்கள். யாரும் மாற்றித் தரச் சொல்லவில்லை. செல்லம்மா தண்ணீர்கூடக் குடிக்காமல் ஒவ்வொருவர் கையிலும் பையைக் கொடுத்து, “இன்னிக்கே சமைச்சிருங்க, நாளைக்குத் தாங்காது” என்று சொல்லிக்கொண்டே போனார்.

மறுநாள் நான் மரக்கறி வேலை எதையும் பார்க்கவில்லை. பதினொரு பெண்களில் யார் யாருக்கு அடையாள அட்டை இல்லை என்று எழுதினேன். ஐந்து பேர். கிராம சேவகர், தோட்டத்துத் துரை, பதிவாளர் கந்தோர் என்று ஏறி இறங்கினேன். “இது உங்கள் வேலையா?” என்று ஒரு கந்தோரில் கேட்டார்கள். என்னுடைய நியமனக் கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை. உங்களுடையதிலும் இருக்காது. தேவை வரும்போது கடிதத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்.

ஐந்து பேருக்கும் அட்டை வந்துசேர ஒன்றரை வருடம் ஆனது. அந்த ஒன்றரை வருடத்தில் ஒரு ஞாயிறும் பை நிற்கவில்லை. வேனில் முன் ஆசனம் எனக்கென்று இருந்தது. அதில் நான் உட்காரவில்லை. பின்னால், அட்டை இல்லாதவர்களுக்கு நடுவில் உட்கார்ந்துதான் டவுனுக்கு வந்தேன்.